இரண்டாவது கேள்வி

பட்டென்று வெடித்தது.

ஓமக்குளத்துத் தெருவோரம் கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது. கலியமூர்த்தி தன் இடது கையைப் பார்த்தார். உடுக்கையின் ஒரு பக்கத்துத் தோல் குறுக்கே கிழிந்து வாய் பிளந்திருந்தது.

"போச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இளவரசு சாப்பிட்ட கையோடு வாசலுக்கு வந்தான். "மூணாவது தோலு மாமா. இடுப்புக் கயித்த அமுக்கச் சொன்னா கழுத்த நெரிக்கிறீங்க. அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

கலியமூர்த்திக்கு வயது ஐம்பத்தொன்று. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் கடையைச் சாத்திவிட்டு, காலை பஸ்ஸில் சிதம்பரம் வந்து உடுக்கை கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஐந்து வாரமாகிறது.

சொல்லிக்கொடுக்கிற இளவரசுவுக்கு வயது இருபத்தெட்டு. பஸ் ஸ்டாண்டுக்கும் அண்ணாமலை நகருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கல்யாண மாதங்களில் ஆட்டோவை மச்சானிடம் கொடுத்துவிட்டு பம்பை மேள செட்டோடு ஊர் ஊராகப் போய்விடுவான்.

"எண்ணிக்கினே அடிக்கிறீங்க மாமா. ஒதடு அசையுது, நான் பாக்குறேன். ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி அடிச்சா மிக்சிதான் ஓடும். செத்தவங்க வர மாட்டாங்க."

"எண்ணாம எனக்குக் கை வராது தம்பி."

"அதான் சொல்றேன். ஒரே ஒரு கல்யாணம். நானே வந்து அடிச்சிக் குடுத்துட்டுப் போறேன்."

"நான்தான் கூப்புடணும். அமிர்தம் என் பொண்டாட்டி."

இளவரசு சிரித்தான். "ஊருல அவனவன் உசுரோட இருக்கிற பொண்டாட்டியவே கூப்புடறதில்ல. சரி, இந்தாங்க, வேற உடுக்கை. மெதுவா."

கடலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், தாலியோடு இறந்துபோன அந்த வீட்டுப் பெண்ணை முதலில் அழைத்து உத்தரவு கேட்க வேண்டும். பூவாடைக்காரி என்பார்கள். தண்ணீர்க் கரையில் ஒரு குடம், வேப்பிலை, பூ, புதுப் புடவை. உடுக்கையை அடித்துப் பாடினால் அவள் குடும்பத்தில் யாராவது ஒருவர் மேல் வருவாள். வந்தவளிடம் மூன்று கேள்விகள் கேட்பார்கள். இளவரசு அன்றைக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தான்.

"மொத கேள்வி, யாரு வந்திருக்கிறது? பேரச் சொல்லணும். ரெண்டாவது, எப்படிப் போனே? மூணாவது, என்ன வேணும், கல்யாணத்துக்கு உத்தரவு குடுக்கிறியா? அவ்ளோதான்."

"ரெண்டாவதக் கேட்டே ஆவணுமா?"

"கேக்காம? தண்ணி ஓரம் எது எதுவோ சுத்தும் மாமா. எதுனா ஒண்ணு ஏறி வந்து, நான்தான் அமிர்தம்னு சொல்லி, புதுப் புடவைய வாங்கிக் கட்டிக்கினு போயிடுச்சின்னா? எப்படிப் போனேன்றத அவுங்க வாயால சொல்லணும். சொன்னாத்தான் அது அவுங்க."

"கேக்கறது யாரு?"

"உடுக்கை யாரு கையில இருக்கோ அவுங்க. நடுவுல வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

கலியமூர்த்தி தலையாட்டினார். அதற்காகத்தான் அவர் இந்த வயதில் உடுக்கையைத் தூக்கியிருந்தார். அது இளவரசுவுக்குத் தெரியாது.

மகள் வெண்மதிக்கும் காடாம்புலியூர் கதிரவனுக்கும் தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்தது. கதிரவன் வீட்டு முந்திரித் தோப்பு ஒரே ராத்திரியில் தரையோடு படுத்துவிட்டது. கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப் போனது. பொங்கல் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா அமராவதி கடலூருக்கு வந்து, கலியமூர்த்தி கொடுத்த காப்பியைத் தொடாமல் பேசினாள்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. பொண்ணு தங்கம். எங்க கதிரவன் அதத் தவிர வேற பேச்சே பேச மாட்டேங்கறான். ஆனா தேதி வெச்ச ஒடனே புயலடிச்சிருக்கு பாருங்க. பொண்ணோட அம்மா சுனாமில போனவங்க. அவுங்களக் கூப்புட்டு ஒருநாளாவது ஒரு பொடவ வெச்சிப் படைச்சீங்களா?"

"இல்லங்க."

"ஏழு வருசமாவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொதல்ல அவுங்க வரட்டும். சரின்னு ஒரு வார்த்த சொல்லட்டும். சொல்லலன்னா எனக்குப் பயம் வுடாதுண்ணே. எனக்கு இருக்கிறது ஒரே புள்ள. எங்க ஊரு பம்பைக்காரர நானே கூட்டியாறேன். கெட்டிக்காரரு. செத்தவங்க மனசுல மறைச்சி வெச்சிருக்கிறதக்கூட நோண்டி வெளிய எடுத்துடுவாரு."

கலியமூர்த்தி சட்டென்று நிமிர்ந்தார். அடுத்த வார்த்தையை அவர் யோசித்துச் சொல்லவில்லை.

"அவரு வேணாம். நானே அடிச்சிக் கூப்புடுறேன்."

"ஒங்களுக்கு உடுக்கை அடிக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேன். நாலு மாசம் இருக்குதே."

அமராவதியின் கண் கலங்கிவிட்டது. "பொண்டாட்டிய நெனச்சி இந்த வயசுல... ஒங்க பொண்ணக் கட்டுறதுக்கு என் புள்ள குடுத்து வெச்சிருக்கணும்ணே" என்றாள். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள்.

அமிர்தம் இறந்தது பற்றி ஊருக்குத் தெரிந்த கதை சின்னது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தனியாகத் தேவனாம்பட்டினத்துக்கு மீன் வாங்கப் போனாள். கலியமூர்த்தி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நடந்தது அதுவல்ல. கலியமூர்த்திதான் அவளை டிவிஎஸ் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். ரோடு முடிகிற இடத்தில், இன்ஜினை அணைக்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். அமிர்தம் மணலில் இறங்கி மீன்காரிகளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். முதலில் சத்தம் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுவது போன்ற சத்தம். பிறகு ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் கறுப்பாக எழுந்து நின்றது.

அவர் வண்டியைத் திருப்பினார். அமிர்தம் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இருபதடி தூரம்கூட இருக்காது. "யோவ், நில்லுய்யா!" என்று கத்தினாள். அவருக்குக் கேட்டது. இன்னொரு முறையும் கத்தினாள். அதுவும் கேட்டது. அவர் கை ஆக்சிலேட்டரை முறுக்கியது.

மூன்றாம் நாள் அவள் உடல் கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அமிர்தத்தின் அண்ணன் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ எங்க மாப்ள இருந்தே?" என்று அழுதார். "தூங்கிட்டேன்" என்றார் கலியமூர்த்தி. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

வெண்மதிக்கு அப்போது பதினாலு வயது. அரையாண்டு லீவு. அவர்கள் கிளம்பும்போது போர்வைக்குள் கிடந்தாள். அவர் தனியாகத் திரும்பி வந்து நனைந்த வேட்டியை மாற்றும்போதும் போர்வைக்குள்தான் கிடந்தாள். தூங்குகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவளிடமும் அவர் அதே வார்த்தையைத்தான் சொன்னார். பிறகு அவளுக்குச் சமைத்துப்போட்டார், தலைவாரக் கற்றுக்கொண்டார், பரீட்சைக்குக் கூடவே போய் வாசலில் நின்றார். படிக்க வைத்தார். இப்போது அவள் ஒரு லேபில் டெக்னீஷியன். போலீசு, ஊர், அமிர்தத்தின் அண்ணன், யாரைப் பற்றியும் அவருக்குப் பயமில்லை. வெண்மதி தெரிந்துகொண்டு, தன் முகத்தைப் பார்க்காமல் தாலி கட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்பதுதான் பயம்.

அமிர்தம் வர வேண்டும். வராவிட்டால் கல்யாணம் இல்லை. ஆனால் வந்தவளிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கூடாது. பேரைக் கேட்டதும் உடுக்கைச் சத்தத்திலேயே உத்தரவுக்குத் தாவிவிட வேண்டும். அதைச் செய்ய ஒரே ஆளால்தான் முடியும்.

கற்றுக்கொள்வது அவர் நினைத்த மாதிரி இருக்கவில்லை. இடது கை நடுவில் இருக்கிற கயிற்றை அமுக்கி அமுக்கி விட வேண்டும். அமுக்கினால் குரல் ஏறும், விட்டால் இறங்கும். அதே நேரத்தில் வலது கை விரல்கள் தோலில் தட்ட வேண்டும். இந்தக் கை செய்வதை அந்தக் கை கவனிக்கவே கூடாது. காயில் கட்டும்போது அவருக்கு இரண்டு கையும் ஒரே எண்ணிக்கையில் போகும். இங்கே இடது கை இழுத்தால் வலது கையும் கூடவே நின்றது. மோதிர விரல் வீங்கி, கடையில் ஸ்குரூ டிரைவரைப் பிடிக்க முடியாமல் போயிற்று.

அது போதாதென்று வாயாலும் பாட வேண்டும்.

"கூறப் பொடவ காத்திருக்கு, வந்து எடுத்துக்க தாயே..."

"தாயேவா? என் பொண்டாட்டிய நான் எப்படித் தாயேன்னு கூப்புடறது?" என்று முதல் வாரமே கேட்டார்.

"செத்துட்டா எல்லாரும் தாயிதான் மாமா. ஏய் அமிர்தம்னு கூப்புட்டா, இங்கயும் வேல வாங்கக் கூப்புடறான்னு ஓடிடுவாங்க" என்றான் இளவரசு.

வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பழகினார். தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. எதிர்வீட்டுத் தங்கம்மாள் வாசலில் வந்து நின்று கேட்பாள். "எங்க வூட்டுக்காரரு, நான் பத்து நாளு ஊருக்குப் போனாக்கூட ஒரு போன் போட மாட்டாரு. நீங்க ஏழு வருசம் ஆனவங்களக் கூப்புடுறீங்க. எல்லாத்துக்கும் வாங்கி வந்திருக்கணும்" என்று மூக்கைச் சிந்துவாள். கடைக்கு மிக்சி கொண்டுவருகிறவர்கள்கூட, "நீங்கதானா அது?" என்று மரியாதையாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவருக்குச் சோற்றில் கல் மாதிரி கடிபட்டது. ஒரு கட்டத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, உடுக்கை மேல் துண்டைப் போட்டு அடித்தார்.

வெண்மதி லேபிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு, சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து பேசாமல் கேட்பாள். ஒருநாள் சொன்னாள்.

"எடது கை லேட்டா வருதுப்பா."

"தெரியும்."

"தெனம் அதே எடத்துலதான் நிக்குது. பேரு கேக்கற வரைக்கும் நல்லா வருது. அப்பறம் தடுக்குது."

அவர் உடுக்கையைக் கீழே வைத்தார். "வெரலு வலிக்குதும்மா."

"காட்டுங்க." அவள் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி வந்து, வீங்கிய விரலில் தடவினாள். தடவிக்கொண்டே கேட்டாள். "அம்மா வந்தா என்ன கேப்பீங்க?"

"கல்யாணத்துக்கு உத்தரவு கேப்பேன்."

"வேற?"

"வேற கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சித்திரைக் கடைசியில், கடைசி வகுப்பன்று, இளவரசு வேறு மாதிரி இருந்தான். கிண்டல் இல்லை. அவரை முழுசாக ஒருமுறை அடித்துப் பாடச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் பீடியைப் பற்ற வைத்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. கை வந்துடுச்சி. நாலு மாசத்துல இவ்ளோ வந்ததே ஜாஸ்தி. ஆனா ஒண்ணு. நீங்க கூப்புட அடிக்கல. தொரத்த அடிக்கிறீங்க."

"அப்படியெல்லாம் இல்ல."

"அழைப்பு ஏறி வர்றப்போ கயித்த வுட்டுடுறீங்க. தெனம் அதேதான். ஏழெட்டு வருசமா நான் இதுல கெடக்கறேன். வெரலு வராததுக்கும் மனசு வராததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

கலியமூர்த்தி தெருவைப் பார்த்தார்.

"காரணம் நான் கேக்கல. அன்னிக்கி நான் வந்து பம்பை அடிக்கிறேன். இடுப்புல கட்டுற பெரிய மோளம் என்னோடது, உடுக்கை ஒங்களோடது. கேள்வியும் ஒங்களோடதுதான். ஆனா பாதியில வுடக் கூடாது. கூப்புட்டு, வர்றவங்கள வாசலோட நிறுத்தினா அந்த வூட்டுப் பொண்ணுக்குத்தான் ஆவாது. முடியலன்னா எங்கையில குடுத்துடணும். சரியா?"

"சரி."

"எந்தத் தண்ணி?"

"கெடிலம். ஆத்தங்கரையில வெச்சிக்கலாம்னு..."

"கடல்ல போனவங்கள ஆத்துல நின்னு கூப்புட்டா? பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு ரயிலுக்குக் கையக் காட்டற மாதிரி இருக்குது. கடலுக்குத்தான் போவணும் மாமா."

அமராவதியும் போனில் அதையேதான் சொன்னாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, கலியமூர்த்தி தேவனாம்பட்டினம் மணலில் கால் வைத்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. சுண்டல் விற்கிறவர்கள், பட்டம் விடுகிற பிள்ளைகள், அலையில் கால் நனைக்கிற குடும்பங்கள் என்று கடற்கரை கலகலப்பாக இருந்தது. ரோடு முடிகிற இடத்தை அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கூட்டத்தை விட்டுத் தள்ளி, வடக்குப் பக்கமாக இடம் பார்த்தார்கள். குடத்தில் கடல் தண்ணீர் எடுத்து வேப்பிலை செருகினார்கள். பக்கத்தில் தட்டில் மஞ்சள் பட்டுப் புடவை, மல்லிகை, வெற்றிலை. அமராவதி பயபக்தியோடு கைகூப்பி நின்றாள். கதிரவன் அவளுக்குப் பின்னால் நின்றான். அமிர்தத்தின் அண்ணனும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். கல்யாணப் பெண் என்பதால் வெண்மதி தலை குளித்து, கூந்தலை முடியாமல் குடத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

கற்பூரம் ஏற்றினார்கள். இளவரசு பம்பையில் குச்சியை வைத்து உருட்டினான். கலியமூர்த்தி மணலில் உட்கார்ந்து உடுக்கையை எடுத்தார்.

"கூறப் பொடவ காத்திருக்கு, வந்து எடுத்துக்க தாயே... கொடத்துத் தண்ணி குளுந்திருக்கு, வந்து எறங்கிக்க தாயே..."

முதல் பத்து நிமிஷம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. உதடு எண்ணவில்லை. இடது கை தன் பாட்டுக்குக் கயிற்றை அமுக்கியது. வலது கை தன் பாட்டுக்குத் தட்டியது. உடுக்கை அழுவது போல ஏறியது. அப்படியே ஏறட்டும், ஏறட்டும் என்பது போல இளவரசு பம்பையைத் தணித்துத் தலையாட்டினான். வெண்மதியின் தோள் ஒருமுறை குலுங்கியது. அவள் கையிலிருந்த வேப்பிலை நடுங்கியது.

கலியமூர்த்தி அதைப் பார்த்தார். அமிர்தத்தின் அண்ணன் மேல் வரலாம், இல்லை அவர் மனைவி மேல் வரலாம் என்றுதான் நினைத்திருந்தார். மகள் மேல் வரும் என்று நினைக்கவில்லை. அந்த வாயிலிருந்தே அது வெளியே வரப்போகிறதா? கை கயிற்றை விட்டுவிட்டது. உடுக்கை குரல் இறங்கி, வெறும் டப்பா மாதிரி தட்டியது. வெண்மதியின் தோள் அசைவு நின்றது.

"இன்னொருக்கா" என்றான் இளவரசு, பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுபடி அடித்தார். மறுபடி ஏறியது, மறுபடி அவள் குலுங்கினாள், மறுபடி கை விட்டது. மூன்றாவது முறை ஏறவே இல்லை. வியர்வையில் விரல் தோலில் வழுக்கியது. பட்டம் விட்ட பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததால் போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கற்பூரத்தை நாலாவது முறை மாற்றினார்கள்.

அமராவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வரலண்ணே."

"கொஞ்சம் இருங்க. வருவா."

"புருசன் நீங்களே கூப்புட்டும் வரல. இதுக்கு மேல யாரு கூப்புட்டா வருவாங்க? அவுங்களுக்கு இதுல இஷ்டமில்ல."

"யம்மா, என்னம்மா பேசுற?" என்றான் கதிரவன். "பத்திரிகை குடுத்தாச்சி."

"குடுத்தா? தை மாசக் கல்யாணத்துக்கும்தான் பத்திரிகை குடுத்தோம். தோப்பு போனது பத்தாதா? அடுத்தது நீ போவணுமா?" அவள் செருப்பைத் தேடிக் கால் நுழைத்தாள். "பொடவைய எடுத்து வெச்சிடுங்கண்ணே. நான் கெளம்புறேன். அப்பறம் பேசிக்கலாம்."

அப்புறம் பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தமென்று அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. கதிரவன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள்.

வெண்மதி அழவில்லை. கதிரவனையும் பார்க்கவில்லை. குடத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அப்பாவைப் பார்த்தாள். ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்கு ரொம்ப நாளாகக் காத்திருப்பவள் மாதிரி பார்த்தாள்.

அன்றைக்கு ஒருத்தி பின்னால் ஓடிவந்து கத்தினாள். அவர் தப்பித்துக்கொண்டார். இன்றைக்கு யாரும் கத்தவில்லை, ஆனாலும் இன்னொருத்தியைப் பின்னால் விட்டுவிட்டுத்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறார். அது அவருக்கு அந்த நிமிஷம் புரிந்தது.

அவர் எழுந்தார். இளவரசுவிடம் போய் உடுக்கையை நீட்டினார்.

"நீ அடி."

"மாமா..."

"மூணு கேள்வியும் கேளு. ஒண்ணு வுடாம கேளு."

இளவரசு அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பம்பையைக் கழற்றி மணலில் வைத்தான். உடுக்கையை வாங்கி, வியர்வையை வேட்டியில் துடைத்து, காதருகே வைத்து ஒரு தட்டு தட்டினான்.

"ரெண்டு நிமிசம் நில்லுங்கத்தே" என்றான் அமராவதியிடம். அவள் நின்றாள்.

அவன் பாடக்கூட இல்லை. வெறும் உடுக்கை மட்டும். கலியமூர்த்தி நாலு மாதமாகத் தேடிய குரல் அவன் விரலிலிருந்து சுலபமாக வந்தது. வெண்மதியின் தலை முதலில் இடது பக்கம் சாய்ந்தது. பிறகு வலது பக்கம். கூந்தல் மணலில் புரண்டது. அவள் இரண்டு கையாலும் குடத்தைக் கட்டிக்கொண்டு, பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அமராவதி கன்னத்தில் போட்டுக்கொண்டு மண்டி போட்டாள்.

"யாரு வந்திருக்கிறது? பேரச் சொல்லு தாயே!"

"அமிர்தம்." குரல் கரகரத்தது.

அண்ணன் வாய்விட்டு அழுதார். கலியமூர்த்தி அசையவில்லை. ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. ரோடு அவருக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் மணலில் காலை அழுத்திக்கொண்டு நின்றார்.

"அமிர்தம்னா அடையாளம் சொல்லு. எப்படிப் போனே தாயே?"

இளவரசு கேட்டுவிட்டு உடுக்கையை நிறுத்தினான். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. வெண்மதி முகத்தில் விழுந்த முடியை விலக்கவில்லை. முடிக்கு நடுவிலிருந்து அவள் கண்கள் ஒவ்வொரு முகமாகத் தேடி, கலியமூர்த்தியிடம் வந்து நின்றன.

"அவரு தூங்கல, எங்கூடத்தான் வந்தாரு, வண்டிய நிறுத்தத்தான் பாத்தாரு, நாந்தான், வூட்டுல பொண்ணு தனியா இருக்குது, நீ போய்யான்னு தொரத்தி வுட்டேன்."